பத்தாங்காலியிலிருந்து கோலாலம்பூர்: கொமுட்டரா, மோட்டாரா, காரா, மின்சாரக் காரா?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் ஒரு பகுதி தாமானாக, அதாவது குடியிருப்பாக, மாறிவிட்டது. பத்தாங்காலி, செரண்டா, ராசா என்று உலு சிலாங்கூரின் எந்த ஊரை எடுத்தாலும் கதை இதுதான். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது டெரஸ் வீட்டில் இருக்கிறார்கள். வேலை மட்டும் ரவாங்கிலோ சுங்கை பூலோவிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் சாப்பாட்டு மேசையில் முதல் பேச்சே "எதில் போகப்போகிறாய்?" என்பதுதான். காசு, நேரம், அம்மாவின் பயம், இந்த மூன்றையும் வைத்துத்தான் வழக்கமாக முடிவாகும். இங்கே நான்காவதாகக் கரியமில வாயுவையும் சேர்த்துப் பார்க்கிறேன். மற்ற மூன்றை ஒதுக்கிவிட்டுப் புகையை மட்டும் பேசும் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வண்டியை மாற்றப்போவதில்லை என்பதால் அவையும் கூடவே வரும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் வேலைக்கு ஸ்டேஷன் வரை மோட்டார், அங்கிருந்து கொமுட்டர் ரயில். ரவாங் பக்கத்து ஷிப்ட் வேலைக்கு அது ஒத்துவராது. அங்கே தொழிற்சாலை பஸ் அல்லது நான்கு பேர் சேர்ந்து போகும் கார். மின்சாரக் காரைப் பற்றி விளம்பரம் சொல்வதில் பாதியைத்தான் தீபகற்ப மலேசியாவில் நம்பலாம்.

கணக்குக்கு அடிப்படை மூன்று எண்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். முக்கால் கிலோ எடையுள்ள லிட்டரிலிருந்து இரண்டேகால் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெயில் இருக்கும் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜனுடையது. டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ. மூன்றாவது மின்சாரம். தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி ஏறத்தாழ 0.77 கிலோ. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது என்பதே காரணம். காப்பார், மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் நிற்கும் பெரிய புகைபோக்கிகளையும் நம் வண்டிக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பத்தாங்காலியிலிருந்து கோலாலம்பூருக்கு ஒருவழி 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள் என்றால் 2,200 கி.மீ. இனி வரும் மாதக் கணக்கெல்லாம் இதன்மேல்தான்.

தனியாகக் காரில்

மைவி, ஆக்ஸியா, சாகா போன்ற சின்னக் கார், சாலையில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிறது என்று கொள்ளலாம். நிறுவனங்கள் 20-க்கு மேல் சொல்லும். அது ஜாலான் டூத்தா டோலுக்கு முன்னால் காலை ஏழரை மணிக்கு நிற்காத காரின் எண். உங்கள் வண்டிக்குச் சரியான எண் வேண்டுமென்றால் வழி எளிது. தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றி, முள் 'டக்' என்று தானாக நின்றதும் மேற்கொண்டு அழுத்தாமல் விட்டுவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே நிலையத்தில் அதே பம்ப்பில், முள் தானாக நிற்கும்வரை மறுபடி ஊற்றுங்கள். ஓடிய கிலோமீட்டரை இந்த இரண்டாவது லிட்டர் கணக்கால் வகுத்தால் வருவதுதான் உண்மையான எண். ஏர்கோனை முழு வேகத்தில் போட்டு நெரிசலில் நிற்பவருக்கு அது 12-க்கும் இறங்கும்.

15 என்றே கொண்டால் கிலோமீட்டருக்கு 153 கிராம், மாதம் 337 கிலோ. ஆண்டு முழுக்க ஓட்டினால் நான்கு டன்னை எட்டுகிறது. பெட்ரோல் 147 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த மானிய விலையான லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டால் 292 வெள்ளி.

இந்த 292 வெள்ளிதான் பலரை ஏமாற்றுகிறது. கொமுட்டரில் ஒருவழிக் கட்டணம் பத்து வெள்ளிக்குள்தான். ஆனாலும் மாதத்துக்குப் பெருக்கி, பெட்ரோல் செலவோடு மட்டும் பக்கத்தில் வைத்தால் ரயில் மலிவாகத் தெரியாது. டோல், பார்க்கிங், டயர், சர்வீஸ், ஒன்பது வருடத் தவணை எல்லாவற்றையும் சேர்த்தால்தான் கார் எவ்வளவு விழுங்குகிறது என்பது புரியும். பெட்ரோல் மலிவாக இருக்கும் நாட்டில், பம்ப்பில் கொடுக்கும் காசை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் காரைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2017-இல் ரவாங் மாற்றுவழிச் சாலை திறந்தபின் செரண்டாவிலிருந்து தெற்கே இறங்குவதும் சுலபமாகிவிட்டது. சாலை நன்றாக ஆக ஆக, ஸ்டேஷன் பக்கம் திரும்பும் கைகள் குறையும்.

அதே காரில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 38 கிராம். மாதம் 84 கிலோ. வண்டியை மாற்றாமல், ஒரு காசு முதல் போடாமல், முக்கால்வாசிப் புகை போய்விடுகிறது. இதைவிடப் பெரிய குறைப்பைத் தரும் பொருள் எந்த ஷோரூமிலும் கிடையாது. ஆனால் கோலாலம்பூரில் நால்வரும் வேலை விடும் நேரம் நான்கு விதமாக இருக்கும். ஒருவருக்கு ஓவர்டைம், ஒருவருக்கு ஆறு மணிக் கூட்டம். காலையில் ஒன்றாகப் போனவர்கள் சாயங்காலம் பிரிந்துவிடுவார்கள். ஒரே கட்டடத்தில் வேலை என்றால் தவிர, இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மோட்டார்

கப்சாய் என்கிற சின்ன மோட்டார் லிட்டருக்கு 45 கி.மீ. தாராளமாகக் கொடுக்கும். கிலோமீட்டருக்கு 51 கிராம், மாதம் 112 கிலோ. எண்ணெய்ச் செலவு நூறு வெள்ளிக்குள். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது. நெரிசலில் நிற்கவேண்டியதும் இல்லை. காசு, நேரம் இரண்டிலும் இதை அடிக்க ஆளில்லை. கார்பன் கணக்கிலும் தனியாக ஓட்டும் எந்தக் காரையும், மின்சாரக் கார் உட்பட, இது பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சின்ன எஞ்சின் வெளியிடும் கார்பன் மோனாக்சைடும் எரியாத எண்ணெய்ப் புகையும் தனிப் பிரச்சினை. அதனால் கெடுவது பக்கத்தில் நிற்பவரின் நுரையீரல், பருவநிலை அல்ல.

இருந்தும் 50 கி.மீ. தூரத்துக்கு மோட்டாரை நான் சொல்லமாட்டேன். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். சாயங்கால மழையில் ரவாங் ஓய்விடத்தைத் தாண்டி வரும்போது, லாரிச் சக்கரம் அள்ளி வீசும் தண்ணீர் ஹெல்மெட் கண்ணாடியை மூடும் அந்த இரண்டு மூன்று நொடியை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாதம் 200 வெள்ளி மிச்சம் என்று மருமகனையோ மகளையோ அந்தச் சாலைக்குத் தினமும் அனுப்ப எனக்கு மனம் வராது. மோட்டாரின் இடம் வேறு. கொஞ்சம் கீழே வருகிறேன்.

கொமுட்டர்

கொமுட்டர் சேவை 1995-இல் தொடங்கியது. வடக்கே ரவாங்கோடு நின்றிருந்தது, 2007 முதல் 2009 வரை கட்டம் கட்டமாக நீண்டு தஞ்சோங் மாலிமை எட்டியது. அப்போதுதான் பத்தாங்காலிக்காரர்களுக்கு மின்சார ரயில் கிடைத்தது. இன்று ஏறினால் செரண்டா, ரவாங், குவாங், சுங்கை பூலோ, கெப்போங் வழியாக கேஎல் சென்ட்ரல் வரை மாறாமல் போகலாம். சுங்கை பூலோவில் இறங்கினால் எம்ஆர்டி புத்ராஜெயா தடம். 2023 மார்ச்சிலிருந்து அது புத்ராஜெயா வரைக்கும் ஓடுகிறது. கம்போங் பாரு, ஜாலான் துன் ரசாக் பக்கம் வேலை என்றால் கேஎல் சென்ட்ரல் வரை போய்ச் சுற்றவேண்டியதில்லை. ஒன்றை மறக்காதீர்கள். மாதம் 50 வெள்ளிக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேப்பிட் பஸ் எல்லாம் ஏறலாம் என்கிற மை50 அட்டை ரேப்பிட் கேஎல் சேவைகளுக்குத்தான். கொமுட்டருக்குத் தனியாகக் கட்டவேண்டும். இரண்டும் சேர்ந்த ஒரே மாத அட்டை நம் ஊருக்கு வந்தால், நூறு விழிப்புணர்வுப் பேச்சு செய்யாததை அது செய்துவிடும் என்பது என் எண்ணம்.

புகைக் கணக்குக்கு வருவோம். இந்த மாதிரி மின்சார ரயில் ஒரு பெட்டியை ஒரு கிலோமீட்டர் இழுக்கப் பொதுவாக 2 முதல் 3 யூனிட் வரை எடுக்கும். ஆறு பெட்டிக்கு 15 யூனிட் என்று வைத்தால், ரயில் ஒரு கிலோமீட்டர் ஓட 11.5 கிலோ கரியமில வாயு. காலையில் 400 பேர் இருந்தால் ஆளுக்கு 29 கிராம். காருக்கு ஐந்தில் ஒரு பங்கு; மாதம் 64 கிலோ. அதே ரயில் மத்தியானம் 100 பேரோடு ஓடினால் ஆளுக்கு 116 கிராம் ஆகிவிடும். 50 பேர் என்றால் 230. தனியாக மைவி ஓட்டுபவரைவிட மோசம்.

இதைப் பார்த்துவிட்டு "ரயிலும் புகைதானே" என்று முடிவு கட்டுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் வகுத்தல் சரி; கேள்விதான் தவறு. அட்டவணையில் போட்ட ரயில் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடும். உங்கள் அறுபது எழுபது கிலோ எடைக்காக அது கூடுதலாக எடுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை எனலாம். கார் அப்படி அல்ல. நீங்கள் சாவியைத் திருகாவிட்டால் அந்த 153 கிராம் பிறக்கவே பிறக்காது. ஆகவே, இன்று எதில் போவது என்று முடிவெடுக்கும் ஒருவருக்கு, பாதி காலியான ரயில்தான் எல்லாவற்றையும்விடச் சுத்தமான வண்டி. சராசரிக் கணக்கு வேண்டியது இன்னொரு ரயிலைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் அதிகாரிக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் விவாதம் நடக்கிறது.

ரயிலின் உண்மையான பலவீனம் புகையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் மணிக்கு ஒன்று என்ற அளவில்தான் ரயில். கேஎல் சென்ட்ரலில் மாடிப்படி இறங்கும்போது கதவு மூடிவிட்டால் அடுத்ததற்கு உட்கார்ந்திருக்கவேண்டும். ஓவர்டைம் பார்ப்பவருக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதுதான் வாழ்க்கைப் பிரச்சினை. தினம் ஒரே நேரத்தில் வேலை விடும் அரசாங்க அலுவலகம், வங்கி, கல்லூரி என்றால் ரயில் பொருந்தும். உணவகம், மால், மருத்துவமனை ஷிப்ட் என்றால் முதலில் கடைசி ரயிலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு ஒன்று: 2010-லிருந்து பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். இரவில் அந்தப் பெட்டியில் எல்லாரும் விதியை மதிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரையுள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் மோட்டாரின் சரியான இடம். தாமான் உள்ளே இருந்து நடந்து வர முடியாது. கிராப் கூப்பிட்டால் காலை ஐந்தே முக்காலுக்கு எந்த ஓட்டுநரும் இந்தச் சின்ன தூரத்துக்கு ஆசைப்பட்டு வரமாட்டார். ஸ்டேஷன் வாசலில் விடியும் முன்பே வரிசைகட்டி நிற்கும் பழைய இஎக்ஸ்5 வண்டிகளைப் பாருங்கள்: சீட்டின்மேல் பிளாஸ்டிக் பை இழுத்துக் கட்டியிருக்கும், முன்சக்கரத்தில் தடித்த சங்கிலி, கூடைக்குள் சுருட்டிய மழைக்கோட்டு. போகவர ஆறு கி.மீ. என்றால் நாளுக்கு 300 கிராம், மாதம் ஏழு கிலோ கூட இல்லை. இதற்காகப் புது மின்சார ஸ்கூட்டர் வாங்குவது வீண். வீட்டில் தாத்தா விட்டுப்போன வண்டி ஓடுகிறதென்றால் அதையே ஓட்டலாம்.

மின்சாரக் கார்

"மாமா, கரண்டு காடி வாங்கிட்டா பொகையே இல்லதானே?" என்று கேட்டான் என் மருமகன். "வண்டி பொகை விடாதுடா, காப்பார்ல விடும்" என்றேன். அவன் நம்பவில்லை. காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

சின்ன மின்சாரக் கார் 100 கி.மீ.க்கு 15 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏற்றும்போது சூடாக வீணாவதையும் சேர்த்தால் 16.5. அதை 0.77-ஆல் பெருக்கினால் 12.7 கிலோ, அதாவது கிலோமீட்டருக்கு 127 கிராம், மாதம் 280 கிலோ. மைவிக்கு 337. வித்தியாசம் 57 கிலோதான். பெட்ரோலைக் கிணற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து இங்கே கொண்டுவருவதில் வெளியாகும் புகையையும், நிலக்கரியைத் தோண்டிக் கப்பலில் கொண்டுவருவதையும் இரண்டு பக்கமும் சேர்த்தால் மின்சாரக் காருக்குச் சாதகம் கொஞ்சம் கூடும். ஏறத்தாழக் கால்வாசி மிச்சம் என்று சொல்லலாம். லிட்டருக்கு 22 கி.மீ. ஓடும் ஹைபிரிட் கார் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. இதில் பேட்டரி செய்யும்போது வெளியான புகையை இன்னும் சேர்க்கவில்லை.

இதே காரைக் கூச்சிங்கில் ஓட்டினால் கதையே வேறு. சரவாக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி பாக்குன் போன்ற அணைகளிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.2 கிலோதான். கிலோமீட்டருக்கு 33 கிராம். ஒரே நாடு, ஒரே கார், நான்கு மடங்கு வித்தியாசம். ஆகவே நார்வேயிலோ சரவாக்கிலோ எழுதப்பட்ட புகழுரையைப் பத்தாங்காலியில் அப்படியே நம்பக்கூடாது. அதற்காக மின்சாரக் கார் பொய் என்றும் நான் சொல்லவில்லை. லிட்டருக்கு 9, 10 கி.மீ. ஓடும் பெரிய எஸ்யூவியை விற்றுவிட்டு மின்சார வண்டிக்கு மாறுபவருக்கு மூன்றில் ஒரு பங்காவது புகை குறையும். நெரிசலில் நிற்கும்போது பெட்ரோல் வண்டி எரித்துக்கொண்டே இருக்கும், மின்சார வண்டிக்கு ஏர்கோன் செலவு மட்டும்தான். அரசாங்கம் 2044-க்குள் நிலக்கரியைக் கைவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அது நடக்க நடக்க, இன்று வாங்கிய வண்டியே தானாகச் சுத்தமாகிக்கொண்டு வரும். பெட்ரோல் காருக்கு அந்த யோகம் இல்லை.

கூரையில் சோலார் போட்டவர் தப்பித்தார் என்று நினைப்பதிலும் சின்னச் சிக்கல் உண்டு. வெயில் அடிக்கும் நேரத்தில் கார் கோலாலம்பூரில் நிற்கிறது. வீட்டில் சார்ஜ் ஏற்றுவது இரவில். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கோ, பகலில் வண்டி வீட்டில் நிற்கும் இரவு ஷிப்ட்காரருக்கோதான் அந்தக் கூரை நேராக உதவும். லயத்து வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவருக்கு சார்ஜ் போட இடமே இல்லை.

புரோட்டான் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ 2024 டிசம்பரில் வெளியிட்டது. மூன்று ஸ்டேஷன் தள்ளி, தஞ்சோங் மாலிமில் அதன் ஆலையிலேயே நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆசை வருவது இயல்புதான். ஓடுகிற சின்னக் கார் இருந்தால், இன்னும் சில வருடம் அதையே ஓட்டிவிட்டு, பழசாகி விழும்போது மின்சாரத்துக்கு மாறுங்கள் என்பதே நான் மருமகனுக்குச் சொன்னது.

பஸ்ஸும் ஷிப்ட் வேலையும்

பஸ்ஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. டீசல் பஸ் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ புகை விடும். 35 பேர் இருந்தால் ஆளுக்கு 29 கிராம், எட்டுப் பேர் என்றால் காரும் அதுவும் அருகருகே வந்துவிடும். நம்மூர் டீசலில் 2019-லிருந்து பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கும் மரத்தின் பழம் பஸ் தொட்டிக்குள் போவது தோட்டத்துக்காரர்களுக்குப் பெருமையாக இருக்கலாம். காட்டை அழித்து நட்ட செம்பனையா, பழைய ரப்பர் நிலத்தில் நட்டதா என்பதைப் பொறுத்தே அதன் நன்மை.

ஷிப்ட் வேலையில் நிலைமை தலைகீழ். சுங்கை சோவில் பெரோடுவா ஆலையும் அதைச் சுற்றி உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பத்தாங்காலியிலிருந்து 15 கி.மீ.க்குக் கொஞ்சம் முன்பின். ரயில் தடம் பக்கத்திலேயே போனாலும் அங்கே நிலையம் இல்லை. செரண்டாவிலோ ரவாங்கிலோ இறங்கி மறுபடி வண்டி தேடவேண்டும். அதனால் இங்கே ரயிலை மறந்துவிடலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே மணி அடிக்கிறது, ஒரே மணிக்கு விடுகிறது. கோலாலம்பூருக்குப் பொருந்தாத கூட்டுக் கார் இங்கே அச்சாகப் பொருந்தும். தனியாகக் காரில் போனால் நாளுக்கு 4.6 கிலோ, நால்வர் என்றால் ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம், தனியாக மோட்டாரில் 1.5 கிலோ, நிறைந்த தொழிற்சாலை பஸ்ஸில் 0.9. தொழிற்சாலை பஸ் விடுகிறதென்றால் வேறு யோசனையே வேண்டாம். விடவில்லை என்றால் நால்வர் சேர்ந்து, கார் வைத்திருப்பவருக்கு மற்ற மூவரும் வாரக் கடைசியில் எண்ணெய்க் காசைக் கொடுத்துவிடுவது நல்லது. மாதக் கடைசிவரை இழுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். நைட் ஷிப்ட் முடித்து அரைத் தூக்கத்தில் மோட்டார் ஓட்டுவதைத் தவிர்க்கிறோம் என்பதே இதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

வேலைப் பயணத்தை விட்டால் நம்மவர்களின் பெரிய பயணம் பத்துமலைதான். தோட்டத்துக் கோயில் குழுக்கள் வேன் எடுத்துப் போவது வழக்கம். பன்னிரண்டு பேர் ஏறிய டீசல் வேன் லிட்டருக்குப் பத்து கி.மீ. ஓடினாலும் ஆளுக்கு 22 கிராம்தான். காலை நேர ரயிலின் சராசரியைவிடக் குறைவு. நான்கு குடும்பம் நான்கு காரில் இரண்டு இரண்டு பேராகப் போவதுதான் கெடுதல். தைப்பூசத்தன்று மட்டும் வேனையும் விட்டுவிடலாம். இரவு முழுக்கக் கூடுதல் ரயில்கள் ஓடும்; ஆயிரம் பேர் நெருக்கியடித்து ஏறும் அந்த ரயிலில் ஆளுக்குப் பன்னிரண்டு கிராம்கூட வராது, பார்க்கிங் தேடி இரண்டு மணி நேரம் சுற்றவும் வேண்டாம். பத்துமலை நிலையம் 2010-இல் திறந்தது; ஆனால் அது வேறு தடம். பத்தாங்காலியிலிருந்து வருகிறவர்கள் புத்ரா நிலையத்தில் இறங்கி மாறவேண்டும். காவடிச் சாமான்களோடு போகிறவர்கள் முதலிலேயே லிஃப்ட் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டால் நல்லது.